வெள்ளாற்றங்கரையில் ஒரு கல்விக்கூடம் நட்ட காடு



ஜூன் 5 வந்தால் நம் பக்கத்துக் கல்லூரிகளில் மரக்கன்று நடுவார்கள். குழியை முதல் நாளே வெட்டி வைத்திருப்பார்கள். விருந்தினர் வந்து கன்றை நிறுத்தி, மண்ணைத் தள்ளி, பூவாளியால் கொஞ்சம் தண்ணீர் விட்டதும் படம் எடுப்பார்கள். பிறகு பேரணி, உறுதிமொழி, கட்டுரைப் போட்டி, சான்றிதழ். இதைப் பழிக்க நான் எழுத உட்காரவில்லை. பார்வைக்கு ஒரு காரியம் செய்தால்தான் சிலருக்குப் புத்தியில் ஏறும். 1974-இல் பிரான்ஸ் நாட்டு அதிபர் தேர்தலில் ரெனே துய்மோன் என்ற வேளாண் அறிஞர் நின்றார். தொலைக்காட்சியில் ஒரு தம்ளர் தண்ணீரைக் கையில் எடுத்து, இது அருமைப்பட்டுப் போகும் காலம் வரும் என்று சொல்லிக் குடித்துக் காட்டினார். நூற்றுக்கு இரண்டு ஓட்டுகூட அவருக்கு விழவில்லை. ஆனால் அந்தத் தம்ளரைப் பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள்.

நம் நாட்டில் இந்த வழக்கம் 1950-இல் கே. எம். முன்ஷி மத்திய அமைச்சராக இருந்தபோது தொடங்கிய வனமகோத்சவத்திலிருந்து வருகிறது. 1969-இல், காந்தி நூற்றாண்டில், நாட்டு நலப்பணித் திட்டம் கல்லூரிகளுக்கு வந்தது. மாணவர்கள் மண்வெட்டியோடு கிராமங்களுக்குப் போனார்கள். 1970 ஏப்ரல் 22 அன்று அமெரிக்கக் கல்லூரி வளாகங்களில் புவி நாள் பிறந்தது. 1972 ஜூன் 5 அன்று ஸ்டாக்ஹோமில் ஐ.நா. மாநாடு கூடியது, இந்திரா காந்தி நேரில் போய்ப் பேசினார். அந்த ஆண்டே ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாளாக அறிவிக்கப்பட்டது. 1991-இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைப் பாடமாக வைக்கச் சொல்லி உத்தரவிட்டது. அதன் தொடர்ச்சியாகத்தான் இன்று நம் பேரப்பிள்ளைகள் பி.ஏ. படித்தாலும் பி.காம். படித்தாலும் சுற்றுச்சூழல் தாள் ஒன்றை எழுதுகிறார்கள்.

இப்படி நாளைக் கொண்டாடிய கல்விக்கூடங்கள் ஏராளம். அந்த ஒரு நாள் போன பிறகும் கரையை விட்டு நகராத கல்விக்கூடம் ஒன்று நம் கடலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. வடக்குத்தில் பேருந்து ஏறி, வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி என்று மாறிப் போனால் பரங்கிப்பேட்டை. அங்கே வெள்ளாறு கடலில் கலக்கும் கழிமுகத்தில் இருக்கிறது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயர் ஆய்வு மையம். அந்த மையத்தையும் அதன் அக்கம்பக்கத்தையும் பற்றியது இந்தக் கட்டுரை.

முதலில் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. பரங்கிப்பேட்டையைப் போர்த்துக்கீசியர் போர்ட்டோ நோவோ என்றார்கள். புதுத் துறைமுகம் என்று பொருள். 1781 ஜூலையில் ஹைதர் அலியும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டும் மோதியது இங்கேதான். அதற்குப் பிறகு 1830-இல் கும்பினி உத்தியோகத்தை விட்டு வந்த ஜோசையா ஹீத் என்பவர் இங்கே இரும்பு ஆலை வைத்தார். தாது சேலத்திலிருந்து வந்தது. உலைக்கு நிலக்கரி கிடையாது, விறகுக்கரிதான். காடுகளில் மரம் வெட்டிக் கரி சுட்டு எரித்தார்கள். கரிக்கு மரம் அருகிப்போனதும் அந்த ஆலை நொடித்துப்போனதற்கு ஒரு காரணம். தங்கள் காலடிக்குக் கீழே முப்பது கல் தொலைவில் லிக்னைட் புதைந்து கிடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு வெட்டும்போது பழுப்பு மண் வந்த கதை அதற்கு நூறு ஆண்டு கழித்து.

அந்த லிக்னைட்டும் இந்தக் கதைக்குச் சொந்தம்தான். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலோரச் சதுப்பில் நின்ற காடு புதைந்துதான் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி ஆயிற்று என்று புவியியல் அறிஞர்கள் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட சதுப்புக் காட்டின் இன்றைய உறவினரைப் பார்க்க வேண்டுமானால் பிச்சாவரம் போக வேண்டும். பரங்கிப்பேட்டைக்குத் தெற்கே, வெள்ளாற்று முகத்துக்கும் கொள்ளிட முகத்துக்கும் நடுவே, சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில் திட்டுத்திட்டாகக் கிடக்கிறது அந்தக் காடு.

இந்தக் காட்டுக்கு இன்று அலையாத்திக் காடு என்று பெயர். அலையை ஆற்றுவதால் அலையாத்தி. சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் கண்டல் என்று வரும். படகுக்காரர்கள் சுரபுன்னை என்பார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு அது 'பலெத்துவியே'. ஆனால் இந்தக் குடும்பத்தில் ஒரு மரம் நம் எல்லோருக்கும் தெரிந்தது: தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது அதனால்தான். நடராசர் கோயிலின் தலமரமும் அதுவே. ஊரைச் சுற்றி இருந்த தில்லை வனம் இன்று இல்லை. அந்த மரத்தைப் பார்க்கப் பிச்சாவரம் போனால் உண்டு. கிளையை ஒடித்தால் பால் வடியும். அது கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்பதால் படகுக்காரர்கள் தொடவிடமாட்டார்கள்.

உப்புத் தண்ணீரில் மரம் எப்படிப் பிழைக்கிறது? சேற்றில் காற்று இல்லை. ஆகவே வெண்கண்டல் மரம் வேரை மேலே அனுப்பி மூச்சு விடுகிறது. சேற்றில் பென்சில்களை நட்டு வைத்தது போல நிற்கும் அந்த வேர்கள். சுரபுன்னையின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்துவிடும். முருங்கைக்காய் போலத் தொங்கி, முற்றியதும் விழுந்து சேற்றில் குத்திக்கொண்டு நிற்கும். இல்லையென்றால் மிதந்து போய் வேறு கரையில் ஒதுங்கும். உதிரும் இலை மட்கி இறாலுக்கும் மீன்குஞ்சுக்கும் தீனியாகும். கடலில் வலை வீசுகிறவரின் மீன் பாதி இந்தக் காட்டில் வளர்ந்த மீன்தான்.

1975-இல் வந்த 'இதயக்கனி' படத்தில் எம்.ஜி.ஆர். படகில் வந்த அந்தப் பச்சைக் கால்வாய்களை நம் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆனால் கால்வாயில் போகிறவருக்குக் கரையோர மரம் மட்டும்தான் தெரியும். உள்ளே பல இடங்களில் காடு வழுக்கையாகிக் கிடந்தது. அது எப்படி ஆயிற்று என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

காட்டிலாகாக்காரர்கள் 'கூப்பு' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது பிரெஞ்சு மொழியின் 'கூப்' என்ற சொல். வெட்டு என்று பொருள். காட்டைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பாத்தியை முழுவதும் வெட்டி விறகுக்கு விற்று, அடுத்த ஆண்டு அடுத்த பாத்திக்குப் போவது கூப்பு முறை. சுற்றி முடித்து முதல் பாத்திக்கு வரும்போது அது மறுபடி வளர்ந்திருக்கும் என்பது கணக்கு. மலைக்காட்டுக்கு அந்தக் கணக்கு சரியாக இருக்கலாம். பிச்சாவரத்திலும் வெள்ளையர் காலம் தொட்டு 1970-கள் வரை இதே முறைதான். பாத்தி வெட்டப்பட்டதும் சேறு வெயிலில் காய்ந்து அமுங்கியது. நடுவில் தட்டுப் போலப் பள்ளம் விழுந்தது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தில் திரும்பிப் போகவில்லை. தேங்கி, வெயிலில் வற்றி, உப்பை விட்டுப் போனது. மரக்காணத்து உப்பளத்தில் நடப்பதுதான் இங்கேயும் நடந்தது. அந்த உப்பில் கண்டல் விதைகூட முளைக்காது.

காடு திரும்ப வராததைப் பார்த்த எல்லோரும் பழியைப் பக்கத்து ஊர்க்காரர் மேல் போட்டார்கள். மாடு மேய்க்கிறார்கள், விறகு வெட்டுகிறார்கள், அதனால்தான் காடு அழிகிறது என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். காட்டோரத்தில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர் குடும்பங்களும் அந்தப் பழிக்குத் தப்பவில்லை. நான் கோப்புகளுக்கு நடுவே வேலை பார்த்தவன். ஒரு காரணம் ஒருமுறை கோப்பில் ஏறிவிட்டால், அதை இறக்கி வைப்பது லேசான காரியம் இல்லை. அடுத்து வருகிறவர் முன்னவர் எழுதியதைப் பார்த்து எழுதுவார்.

அதை இறக்கி வைத்தது ஆராய்ச்சிதான். அது ஒரே நாளிலோ ஒரே இடத்திலோ நடக்கவில்லை. பரங்கிப்பேட்டையில் பேராசிரியர் ஆர். வி. சேஷய்யா தொடங்கி வளர்த்த கடல் உயிரியல் ஆய்வு 1960-களில் உயர் ஆய்வு மையமாக உயர்ந்தது. கழிமுகத்தின் நீர், உப்பு, மீன்குஞ்சு, இறால் என்று மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக அளந்தார்கள். புதுச்சேரியில் 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலிருந்தும் ஆட்கள் பிச்சாவரம் வந்தார்கள். பிரான்சுவா பிளாஸ்கோ 1975-இல் இந்திய அலையாத்திக் காடுகளைப் பற்றிப் பிரெஞ்சில் ஒரு நூல் வெளியிட்டார். அவரோடு வேலை செய்த தமிழர் கணபதி தணிகைமொணி மகரந்தத் துகளைப் படிக்கும் அறிஞர். இன்று நிற்கும் காட்டின் மகரந்தம் சேற்றில் எந்த அளவில் படிகிறது என்று தெரிந்தால், பழைய சேற்றை வைத்துப் பழைய காட்டைச் சொல்லிவிடலாம். அந்தக் கணக்கைப் பிச்சாவரத்தில் போட்டார்கள். தணிகைமொணி 1986 செப்டம்பரில், கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் உயிரிழந்தார். அவர் பெயரை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையோடு சேர்ந்து பிச்சாவரத்தின் வழுக்கையை ஆராய்ந்தது. மாடு மேய்ந்ததும் விறகு எடுத்ததும் சிறு காரணங்கள். பெருங்காரணம் கூப்பு வெட்டும் அதனால் விழுந்த பள்ளமும் என்று கண்டது. வைத்தியமும் எளிதாகத்தான் இருந்தது. மீன் முள்ளைப் போல நடுவே ஒரு கால்வாய், இரு பக்கமும் சாய்வாகக் கிளைக் கால்வாய்கள் என்று வெட்டினார்கள். கடல்நீர் ஏறி இறங்கத் தொடங்கியது. உப்பு கழுவிக்கொண்டு போனது. கால்வாய் ஓரத்தில் வெண்கண்டல் நட்டார்கள். வெட்டியதும் நட்டதும் காவல் காத்ததும் பழி சுமந்த அதே ஊர்க்காரர்களும் இருளர்களும்தான். பதினைந்து ஆண்டு இடைவெளியில் எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டபோது காட்டின் பரப்பு கிட்டத்தட்ட இரட்டித்திருந்தது.

அதே 1990-களின் தொடக்கத்தில், பரங்கிப்பேட்டை மையத்துப் பேராசிரியர் க. கதிரேசன் தங்கள் வளாகத்தை ஒட்டிய வெள்ளாற்றங்கரையில் அலையாத்திக் கன்றுகளை நடத் தொடங்கினார். அந்த இடத்தில் அன்று காடு இல்லை. மாணவர்கள் முழங்கால் சேற்றில் இறங்கி நட்டார்கள். இது மேடை போட்டு நடக்கும் விழாவுக்கு ஒத்துவராத வேலை. வற்றம் எப்போது என்று பார்த்து இறங்க வேண்டும். மேட்டில் நட்டால் காயும், பள்ளத்தில் நட்டால் அழுகும். நண்டு கடிக்கும், ஆட்டுக்கு எட்டினால் தின்றுவிடும். செத்த இடத்தில் மறுபடி நட வேண்டும். தானே புயலில் சாய்ந்த நம் முந்திரித் தோப்புகளை மறுபடி வைத்துக் காய்க்கும் வரை காத்திருந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. நட்டது வேர் பிடித்து, மரமாகி, விதை விட்டு, தானே பெருகியது. மாணவர்களுக்கு அந்தக் கரை பாடப் புத்தகமும் ஆயிற்று. எந்த மண்ணில் எது தழைக்கிறது, எத்தனை வகை மீன் வருகிறது என்று எண்ணி எழுதினார்கள்.

பிறகு 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை நடந்ததை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் விவரிக்க வேண்டாம். தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை, புதுக்குப்பம், கிள்ளைக்கு அப்பால் எம்.ஜி.ஆர். திட்டு என்று ஒவ்வொரு பெயரும் ஒரு துக்கம். கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் போனார்கள்.

அடுத்த சில மாதங்களில் கதிரேசனும் ராஜேந்திரனும் பரங்கிப்பேட்டைப் பக்கம் 18 மீனவக் குப்பங்களுக்குப் போய்க் கணக்கெடுத்தார்கள். கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு மேடு, முன்னால் எவ்வளவு மரம், எத்தனை உயிர் போயிற்று என்று பட்டியல் போட்டார்கள். தூரம், மேடு, மரம் மூன்றும் உயிரைக் காத்தன என்பது அவர்கள் முடிவு. 2005 அக்டோபரில் உலகப் புகழ் பெற்ற 'சயன்ஸ்' இதழிலும் நம் கடலூர்க் கரையைப் பற்றி வேறொரு குழுவின் கட்டுரை வந்தது. அலையாத்தியும் சவுக்குத் தோப்பும் இருந்த இடத்தில் சேதம் குறைவு என்று அதுவும் சொன்னது. ஊரெல்லாம் அலையாத்திப் புகழ் பாடியது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2006-இல் வேறு ஆய்வாளர்கள் மூவர் கதிரேசன் போட்ட அதே பட்டியலை எடுத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். தூரமும் மேடும்தான் ஏறக்குறைய எல்லாவற்றையும் விளக்கிவிடுகின்றன. மரத்தின் பங்கு என்று தனியாகச் சொல்ல மிச்சம் ஒன்றும் இல்லை என்றார்கள். அலையாத்திக் காடு உள்ளடங்கிய இடத்தில்தான் வளரும். ஆகவே காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர் தப்பியது காட்டாலா, இடத்தாலா என்று பிரித்துச் சொல்வது கடினம். இதற்கு மறுப்பும் அதே இதழில் வந்தது. அலையின் வேகத்தை அடர்ந்த மரங்கள் குறைக்கும் என்பதை யாரும் மறுக்கவில்லை. எவ்வளவு உயரத்து அலையை, எவ்வளவு அகலக் காடு என்பதில்தான் சண்டை.

இது படித்தவர்களுக்குள் நடக்கும் வெட்டிச் சண்டை என்று தள்ளிவிட முடியாது. 2005 மார்ச்சில் தமிழக அரசின் 172-ஆம் எண் அரசாணை வந்தது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் உள்ளே தள்ளிப் போனால் புது வீடு. போக மனமில்லாதவர் இருக்கலாம், ஆனால் வீட்டுக்கு உதவி கிடைக்காது என்பது அதன் சாரம். மீனவருக்குப் படகு கண்ணில் பட வேண்டும். காற்றும் நீரோட்டமும் பார்த்துத் தொழிலுக்குப் போகிறவரை ஒரு கிலோமீட்டர் தள்ளி வைத்தால் அவர் பிழைப்பு என்னாவது? தூரம்தான் காக்கும் என்றால் அவர் கரையை விட வேண்டும். மரம் காக்கும் என்றால் இருந்த இடத்தில் இருக்கலாம். ஒரு கணக்கின் விடை ஒரு குப்பத்தின் விதியைத் தீர்மானிக்கிறது. அதனால்தான் கணக்கு சரியாக இருக்க வேண்டும்.

எனக்குத் தோன்றுவது இதுதான். காடு இருக்கிறதே என்று நம்பிக் கடலடியில் வீடு கட்டக் கூடாது. கடல் தள்ளித்தானே இருக்கிறது என்று காட்டை வெட்டவும் கூடாது. சுனாமி ஒரு தலைமுறையில் ஒருமுறை வரலாம், வராமலும் போகலாம். இறாலும் மீனும் தினமும் வேண்டும். அந்தக் காட்டின் பெரிய வரவு தினவரவுதான்.

பரங்கிப்பேட்டை மையத்தை நான் மதிப்பதற்குக் காரணம் மரம் நட்டது மட்டும் இல்லை. நட்டதை எண்ணினார்கள். எண்ணியதை வெளியிட்டார்கள். வெளியிட்டதால்தான் பிறர் மறுக்க முடிந்தது. முன்பு கூப்புக் காலத்தில் மாட்டின் மேல் பழி போட்டபோது, மறுத்துப் பார்க்க யாரிடமும் கணக்கு இல்லை. அந்த ஒரு வித்தியாசத்தில் ஒரு காடே அடங்கியிருக்கிறது. 2000-களின் தொடக்கம் முதல் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகம், யுனெஸ்கோ ஆகியவற்றின் ஆதரவில் பல நாட்டு ஆய்வாளர்கள் இந்தச் சின்ன ஊருக்கு வந்து அலையாத்தி பற்றிய பயிற்சி பெற்றுப் போனார்கள். பிச்சாவரம் 2022-இல் ராம்சார் பட்டியலில் ஏறியது; அந்தச் செய்தி அறிவிக்கப்பட்ட ஜூலை 26, உலக அலையாத்தி நாளும் ஆகும்.

நம் பக்கம் சுரங்க மண்மேட்டில் நட்ட மரங்கள் நிற்கின்றன. சுரங்கத்து நீர் போய்ச் சேரும் வாலாஜா ஏரியும் பெருமாள் ஏரியும் இருக்கின்றன. வரும் ஜூன் 5 அன்று நம் கல்லூரிப் பிள்ளைகள் புதுக் குழி வெட்டட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போய், சென்ற ஆண்டும் அதற்கு முந்தின ஆண்டும் நட்டதில் எத்தனை உயிரோடு இருக்கிறது, செத்தது ஏன் செத்தது என்று எழுதி, அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் நன்றாக இருக்கும். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் ஒட்ட வேண்டும். உங்கள் பேரப்பிள்ளை கல்லூரியில் படித்தால் சொல்லிப் பாருங்கள்.